மம்மல் பொழுதில் பாறைக்கரை அலை: படம் பிழைத்தால் எங்கே பார்ப்பது

கொள்ளுப்பிட்டியில் இருந்து தெற்கே கல்கிசை வரைக்கும் ரயில் பாதையும் கடலும் ஒட்டியபடியே போகின்றன. பாதையைக் கடல் அரிக்காமல் இருக்கக் கொட்டிய கருங்கற்கள், கல்கிசை முனைப் பாறைகள், வடக்கே முகத்துவாரம் என்று கொழும்பில் அலைப் படம் எடுக்க இடத்துக்குக் குறைவில்லை. கரை மேற்கே பார்த்திருப்பதால் சூரியன் கடலுக்குள்ளேயே இறங்கும். நவம்பர் நடுப்பகுதியில் மாலை 5.50 அளவிலும், ஜூலை நடுப்பகுதியில் 6.30 அளவிலும் பொழுதுபடும். ஆனாலும் வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால் பத்தில் எட்டுப் படம் ஏதோ ஒரு விதத்தில் பிழைத்திருக்கும். கமராவை மாற்றினால் இது தீராது. வெளிச்சம் இறங்கும் வேகத்தையும் அலை வரும் இடைவெளியையும் எண்ணாமல் எடுப்பதில்தான் முக்கால்வாசிப் பிழை தொடங்குகிறது. மிச்சம் உப்பு.

கீழே ஒவ்வொரு குறையாகப் பார்க்கலாம். உங்கள் படத்தில் தெரிவது எதுவோ அதற்கு நேரே போங்கள்.

முதல் படம் சரி, அடுத்தடுத்த படங்கள் இருண்டுகொண்டே போகின்றன

இது வெளிச்சத்தின் கணக்கு. சூரியன் மறையும் கணத்தில் இருந்து அது அடிவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும் வரை கொழும்பில் ஏறக்குறைய 21, 22 நிமிடங்கள்தான். நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் சூரியன் சாய்ந்து போகாமல் கிட்டத்தட்ட நேர்குத்தாக விழுகிறது. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளில் வரும் நீண்ட அந்திப் பொழுது இங்கே கிடையாது. அந்த 21 நிமிடத்துக்குள் வெளிச்சம் ஏழு ஸ்டொப் அளவுக்கு இறங்கிவிடும் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் பாதியாவது). சராசரியாக மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டொப். தொடக்கத்தில் கொஞ்சம் மெதுவாகவும் கடைசியில் வேகமாகவும் இறங்கும்.

எல்லா அளவையும் கையால் வைக்கும் மேனுவலில் வைத்துவிட்டு அலையையே பார்த்துக்கொண்டிருந்தால் ஆறு நிமிடத்தில் படம் நான்கில் ஒரு பங்கு வெளிச்சத்துக்கு வந்துவிடும். லென்ஸின் துளையை மட்டும் நீங்கள் வைக்கும் அப்பர்ச்சர் முறையில் விட்டால் படம் இருளாது, ஆனால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் தானாக நீண்டுகொண்டே போய் தண்ணீரின் உருவம் மாறிவிடும். எது நிலையாக இருக்கவேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். அலைப் படத்தில் நிலையாக இருக்கவேண்டியது ஷட்டர் நேரம்.

ஒரு செக்கன் ஷட்டரைப் பிடித்து வைத்திருக்க ஒரு ஏணி உண்டு. முகில் அதிகம் இல்லாத நாளில், சூரியன் கடலைத் தொடும்போது எஃப்8 (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ 100 (சென்சரின் ஒளி உணர்வு) என்று வைத்தால் பில்டர் இல்லாமல் 1/60 செக்கன் அளவில் வரும். ஆறு ஸ்டொப் குறைக்கும் என்டி64 என்ற இருண்ட பில்டரைப் போட்டால் அது ஒரு செக்கன். மூன்றாவது நிமிடத்தில் ஐஎஸ்ஓ 200, ஆறாவது நிமிடத்தில் 400. ஒன்பதாவது நிமிடத்தில் என்டி64ஐக் கழற்றி மூன்று ஸ்டொப் குறைக்கும் என்டி8ஐப் போட்டு, ஐஎஸ்ஓவை மீண்டும் 100க்குக் கொண்டுவாருங்கள். பிறகு அதே ஏணி: 12இல் 200, 15இல் 400. 18ஆம் நிமிடத்தில் பில்டரே வேண்டாம், ஐஎஸ்ஓ 100இல் வெறும் லென்ஸிலேயே ஒரு செக்கன் வரும். முகில் மூடிய நாளில் இந்தக் கணக்கு ஒன்றிரண்டு ஸ்டொப் முன்கூட்டியே தொடங்கும். ஆகவே தொடக்கத்தில் ஒரு சோதனைப் படம் எடுத்து ஹிஸ்டோகிராமை (இருளும் வெளிச்சமும் எவ்வளவு பதிந்தன என்று காட்டும் வரைபடம்) பார்த்துவிட்டு ஏணியில் ஏறுங்கள். கைப்பேசியில் மூன்று நிமிட அலாரம் வைத்துக்கொள்வது வெட்கப்படவேண்டிய காரியம் இல்லை.

தண்ணீர் உருவமே இல்லாமல் கஞ்சி போலக் கிடக்கிறது

ஷட்டர் அளவுக்கு மீறி நீண்டுவிட்டது. பத்து செக்கனுக்கு மேல் போனால் ஒரு முழு அலையோ அதற்கு மேலோ ஒரே படத்துக்குள் வந்து விழுந்து, வந்ததும் போனதும் ஒன்றையொன்று அழித்துவிடும். மூட்டம் போன்ற கடல்தான் வேண்டும் என்றால் 30 செக்கனுக்கு மேல் போங்கள், அங்கே பாறைகள் மேகத்தில் மிதப்பது போல ஓர் அழகு உண்டு. இரண்டுக்கும் நடுவில், 5 முதல் 15 செக்கனில் நிற்பதுதான் அழுக்கான படம் தரும். அலையும் இல்லை, மூட்டமும் இல்லை.

நுரைக் கோடுகள் வேண்டும் என்றால் கால் செக்கனில் இருந்து ஒன்றரைச் செக்கன் வரை. எப்போது அழுத்துவது என்பது இதைவிட முக்கியம். அலை பாறையில் மோதும்போது அழுத்தினால் வெள்ளைப் பிசிறு மட்டும் மிஞ்சும். மோதி, ஏறி, உச்சியில் ஒரு கணம் தயங்கி, திரும்பி வழியத் தொடங்கும்போது அழுத்துங்கள். கருங்கல்லின் இடுக்குகளுக்குள் புகுந்த தண்ணீர் பல வாய்க்கால்களாகப் பிரிந்து இறங்கும். ஒவ்வொரு வாய்க்காலின் மேலும் நுரைக் குமிழ்கள் வரிசையாக மிதந்து வரும். அந்தக் குமிழ்கள்தான் ஒரு செக்கனில் வெள்ளி இழைகளாகப் பதிகின்றன. குமிழ் இல்லாத தெளிந்த தண்ணீரில் இழை விழாது. அதனால் பெரிய அலைக்குப் பின்னால் வரும் முதல் பின்வாங்கலே உங்களுடையது.

பத்து நிமிடம் கமராவைத் திறக்காமல் கடலைப் பாருங்கள். தூரத்தில் இருந்து வரும் பேரலை பெரும்பாலும் 8 முதல் 14 செக்கன் இடைவெளியில் வரும், சில பெரிய அலைகள் கூட்டமாக வந்து பிறகு ஓய்வு விடும். சோளகக் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் இடைவெளி குறுகி, அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வரும். அப்போது பின்வாங்கும் தண்ணீர் முழுதாக இறங்கும் முன்பே அடுத்தது வந்து மோதிவிடுகிறது. அந்த நாட்களில் ஷட்டரைக் கால் செக்கன், அரைச் செக்கனுக்குக் குறையுங்கள். இன்னொன்று: இரண்டு செக்கன் டைமரில் எடுத்தால் அந்தத் தயங்கும் கணம் போய்விடும். வயர் ரிமோட் ஒன்று வாங்குங்கள். இந்த வேலைக்கு லென்ஸுக்கு அடுத்தபடி பயன்படுவது அதுதான்.

கொழும்பில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. ஆனால் கற்களுக்கு நடுவில் அரை மீற்றரே போதும், இழை விழும் வாய்க்கால்கள் மூழ்கிவிடும். பெருக்கு உச்சியில் இருக்கும் மாலையில் வெறும் மோதல்தான் கிடைக்கும். வற்றத் தொடங்கி இரண்டு மணித்தியாலம் ஆன மாலை நல்லது.

உறையவேண்டிய துளிகள் இழுபட்டிருக்கின்றன

பாறையில் மோதிச் சிதறும் துளியை நிறுத்த 1/1000 வேண்டும், குறைந்தது 1/500. பொழுதுபடும் முன் அரை மணித்தியாலம்தான் இதற்கு நேரம். எஃப்5.6, ஐஎஸ்ஓ 800 அல்லது 1600. சூரியனுக்கு எதிரே நின்று எடுத்தால் துளிகள் ஒளிரும், பாறை கறுக்கும், அதைக் கறுக்க விடுங்கள். சூரியன் போன பிறகு 1/1000ஐத் துரத்தினால் ஐஎஸ்ஓ எகிறி, துளிக்கும் படத்தில் ஏறும் இரைச்சல் புள்ளிக்கும் (நொய்ஸ்) வித்தியாசம் தெரியாமல் போகும்.

பாறையே தெளிவில்லை

இதில்தான் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஏனென்றால் ஒரே மங்கல் ஐந்தாறு காரணங்களால் வரும். படத்தை 100 வீதத்துக்குப் பெரிதாக்கி, பாறையின் ஒரு கூரிய விளிம்பைப் பாருங்கள்.

விளிம்பு ஒரே திசையில் இரட்டித்திருந்தால் ட்ரைபொட் நகர்ந்திருக்கிறது. மேல் கீழாக இரட்டித்தால் கால் புதைந்திருக்கிறது. மணலில் நிறுத்தியிருப்பீர்கள். அலை திரும்பும்போது காலைச் சுற்றியுள்ள மணலை அரித்துக்கொண்டு போகும், கால் அந்தப் பள்ளத்துக்குள் மெல்ல இறங்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாத இறக்கம், ஆனால் படத்தில் தெரியும். கால்களை 10, 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அமுக்கி, இரண்டு அலை வந்து போக விட்டு, கால் இறங்கி நின்ற பிறகு எடுங்கள். கருங்கல்லின் மேல் என்றால் ஒவ்வொரு கற்பாளமும் அசைகிறதா என்று முதலில் உங்கள் காலை வைத்து மிதித்துப் பாருங்கள். ஆடும் கல்லில் எவ்வளவு விலையுள்ள ட்ரைபொட்டும் ஆடத்தான் செய்யும்.

பக்கவாட்டில் மிக நுண்ணிய நடுக்கமாக இருந்தால் காற்று. நடுத்தண்டை முழுதாக இறக்குங்கள், தடித்த மேல் பகுதிகளை மட்டும் நீட்டுங்கள், மெல்லிய கடைசிப் பகுதியைத் திறக்காமல் விடுங்கள், ஒரு காலைக் கடலை நோக்கி வையுங்கள். கமராவின் கழுத்துப் பட்டியைக் கழற்றிவிடுங்கள், காற்றில் படபடக்கும் பட்டி கமராவையே உலுக்கும். பையைக் கொக்கியில் தொங்கவிடுவதாக இருந்தால் பை தரையைத் தொட்டுக்கொண்டு இருக்கட்டும். அந்தரத்தில் ஊசலாடும் பை பாரம் தராது, ஆட்டம்தான் தரும்.

மரைன் ட்ரைவ் பக்கத்தில் எடுத்த படங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மங்கினால் ரயிலை நினையுங்கள். கந்தோர் விட்டு வீடு போகும் ரயில்கள் ஓடும் நேரமும் பொழுதுபடும் நேரமும் ஒன்றாகவே வருகின்றன. ரயில் கடக்கும்போது பாதையோரக் கற்கள் அதிர்வது காலுக்கே தெரியும். ரயில் வரும் சத்தம் கேட்டால் ஷட்டரைத் திறக்காதீர்கள், போன பின் இருபது செக்கன் பொறுங்கள். பாதையைக் கடப்பது கடவை உள்ள இடத்தில் மட்டும். அலை இரைச்சலில் ரயில் மிக அருகில் வரும் வரை கேட்காது, தண்டவாளத்தில் நின்று படம் பார்த்துக்கொண்டிருக்கவே கூடாது.

எல்லா விளிம்பும் ஒரே அளவில் மென்மையாக இருந்தால் இரண்டு சந்தேகம். ஒன்று, எஃப்22க்குப் போயிருக்கிறீர்கள். துளை சுருங்கச் சுருங்க ஒளி வளைந்து சிதறும். சிறிய சென்சர் உள்ள ஏபிஎஸ்சி கமராவில் எஃப்11, பெரிய சென்சர் உள்ள ஃபுல் ஃப்ரேமில் எஃப்16, அதற்கு அப்பால் போகவேண்டாம். ஷட்டரை நீட்டவேண்டும் என்றால் பில்டரால் நீட்டுங்கள். இரண்டு, ட்ரைபொட்டில் இருக்கும்போதும் லென்ஸின் அதிர்வு நிறுத்தி வேலை செய்துகொண்டிருக்கிறது. சில லென்ஸ்களில் அது இல்லாத ஆட்டத்தைத் தேடித் தானே ஆடும். நிறுத்திவிடுங்கள்.

கிட்டப் பாறை மங்கி, அடிவானம் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தூரம் பிழை. எஃப்11இல், ஃபுல் ஃப்ரேமில் 16 மில்லிமீற்றர் லென்ஸ் என்றால் ஏறத்தாழ 80 சென்ரிமீற்றரிலும், 24 என்றால் 1.8 மீற்றரிலும், ஏபிஎஸ்சியில் 18 என்றால் ஒன்றரை மீற்றரிலும் ஃபோகஸ் வையுங்கள். அந்தத் தூரத்தின் பாதியில் இருந்து அடிவானம் வரை ஏற்கத்தக்க கூர்மை கிடைக்கும். எஃப்8க்குத் திறந்தால் இந்தத் தூரங்கள் ஏறக்குறைய 1.4 மடங்காகும். கடும் பில்டர் போட்ட பிறகு ஓட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடித் தவிக்கும். ஆகவே பில்டருக்கு முன் ஃபோகஸ், பிறகு மேனுவலுக்கு மாற்றம், பிறகு பில்டர். திருகும் பில்டரைப் போடும்போது ஃபோகஸ் வளையம் கையோடு திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சிறு துண்டு டேப் ஒட்டினால் நிம்மதி. இருட்டிய பிறகு என்றால் குறித்த தூரத்தில் உள்ள கல்லில் டோர்ச் அடித்து, திரையில் பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்யலாம்.

படம் முழுக்க வெண்மூட்டம், விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம்

உப்பு. அலை உங்கள் மேல் தெறிக்காவிட்டாலும் காற்றில் உப்புத் துமி வந்துகொண்டே இருக்கும். லென்ஸின் முன்கண்ணாடியைச் சரித்து டோர்ச் ஒளியில் பாருங்கள். ஊசிமுனை அளவு துளிகள், காய்ந்தவை ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு மெல்லிய வெள்ளை வளையம். தாழ்ந்த சூரியன் நேராக அடிக்கும்போது அந்த வளையம் ஒவ்வொன்றும் படத்தில் ஒரு காசு அளவு மங்கல் பொட்டாக விரியும்.

உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். உப்புப் பளிங்கு கண்ணாடியின் பூச்சைக் கீறும். முதலில் ஊதுபந்தால் மணலை ஊதி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்து, பிறகு இரண்டாவது உலர்ந்த துணியால் நடுவில் இருந்து வெளியே சுற்றித் துடையுங்கள். அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலும் மூன்று துணியும் பையில் இருக்கட்டும். சோளகக் காலத்தில் ஒவ்வொரு நான்கைந்து படத்துக்கும் ஒரு முறை துடைக்க நேரிடும். அலைக்குக் காத்திருக்கும்போது லென்ஸை மூடியே வையுங்கள். காலிமுகத்திடலில் இறால் வடை சாப்பிட்ட கையால் பில்டரைத் தொட்டிருந்தால் தண்ணீர் போதாது, எண்ணெய் பரவித்தான் போகும். அதற்கு லென்ஸ் துடைக்கும் திரவம் வேண்டும்.

துடைத்தும் மூட்டம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அது உப்பல்ல, ஈரப்பனி. ஏசி அறையில் இருந்தோ ஏசி வாகனத்தில் இருந்தோ நேரே கடற்கரைக்கு வந்திருப்பீர்கள். கொழும்பின் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டவுடன் வியர்க்கும். துடைப்பது வீண், கண்ணாடி சூடேறினால்தான் தீரும். அடுத்த முறை ஏசியை விட்டு வெளியே வரும் முன்பே கமராவைக் காற்றுப் புகாத பொலித்தீன் பைக்குள் கட்டி, அரை மணித்தியாலம் வெளிச்சூட்டில் வைத்துவிட்டுத் திறங்கள். அதற்குள் லென்ஸைக் கழற்றக் கூடாது, கழற்றினால் ஈரம் உள்ளே போகும்.

நுரை வெறும் வெள்ளைக் கடதாசி, அல்லது வானம் சரி பாறை கரி

நுரை வெளிறினால் திருத்த வழி இல்லை, அதில் விபரமே பதிந்திருக்காது. ஹிஸ்டோகிராம் வலது சுவரில் முட்டினால் மூன்றில் இரண்டு ஸ்டொப் குறையுங்கள். சிவப்பு நிறத்துக்கு உரிய வரைபடத்தைத் தனியாகப் பாருங்கள், அந்தியில் அதுதான் முதலில் முட்டும். வானத்துக்கும் பாறைக்கும் வித்தியாசம் அதிகம் என்றால் இரண்டு அல்லது மூன்று ஸ்டொப் படிப்படி இருள் பில்டர் (மேல் பாதி இருண்டு கீழ்ப் பாதி தெளிந்தது) போடலாம். திறந்த கடலில் அடிவானம் நேர்கோடாக இருப்பதால் கடும் விளிம்பு உள்ளது பொருந்தும். ஆனால் கல்கிசை முனை போலப் பாறை அடிவானத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் தலை கறுத்துவிடும், அங்கே மென்விளிம்பு. பில்டர் இல்லையென்றால் பாறைக்கு ஒன்று, வானத்துக்கு இரண்டு ஸ்டொப் குறைத்து ஒன்று என எடுத்துப் பிறகு இணையுங்கள். தண்ணீரை மட்டும் ஒரே படத்தில் இருந்து எடுங்கள், இரண்டு அலையை ஒட்டினால் தையல் தெரியும்.

நிறம் பொய்யாக இருக்கிறது

அந்தியின் செம்மை காணாமல் போனால் ஓட்டோ வைட் பலன்ஸ் அதைக் குறையென்று நினைத்துக் கழுவிவிட்டது. 5500 கெல்வினில் பூட்டுங்கள், பிறகு நிறத்தைத் திருத்த இடம் தரும் ரா (raw) கோப்பாக எடுங்கள். படம் முழுக்க நீலமோ மஜெந்தாவோ பழுப்போ ஏறியிருந்தால் மலிவு என்டி பில்டர். பில்டரோடும் இல்லாமலும் ஒரே காட்சியை எடுத்து ஒப்பிட்டு, திருத்தும் அளவைக் குறித்து வைத்துக்கொண்டால் பிறகு அதையே பயன்படுத்தலாம். கரையோரப் பாறைக்கு மட்டும் மஞ்சள் ஏறியிருந்தால் வீதி விளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. விளக்குக்கு முதுகு காட்டும் பாறைப் பக்கத்தைத் தேடிப் போவது, கணினியில் போராடுவதைவிடச் சுலபம்.

கடலே பழுப்பாக இருந்தால் கமரா பாவம். மழைக்குப் பிறகு களனி கங்கை சேரும் முகத்துவாரத்திலும், வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய் வாய்களிலும் அப்படித்தான். அங்கிருந்து தள்ளிப் போங்கள், அல்லது கறுப்பு வெள்ளையாக நினைத்து எடுங்கள்.

காட்சியில் தெரியாத பொருட்கள் படத்தில்

வானத்தில் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் சாம்பல் பொட்டுகள்: சென்சரில் தூசி, எஃப்16இல் தெரிந்து எஃப்5.6இல் மறையும். கடற்கரையில் லென்ஸைக் கழற்றாதீர்கள். வானத்தில் பெரிய கறுப்புப் பெருக்கல் குறி: சுழற்றி இருளைக் கூட்டும் என்டியை அகல லென்ஸில் அதிகபட்சத்துக்குத் திருப்பியிருக்கிறீர்கள், சில ஸ்டொப் திரும்பி வாருங்கள். நீண்ட படத்தின் நடுவில் இளஞ்சிவப்புக் கோடு: கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் என்றால் பார்வைத் துளை வழியே ஒளி புகுந்திருக்கிறது, அதை மூடுங்கள். அடிவானத்தில் சின்ன ஒளிக்கோடுகள்: துறைமுகத்துக்கு வந்துபோகும் கப்பல்கள். நங்கூரமிட்ட கப்பல் பொட்டாகவும், ஓடும் கப்பல் கோடாகவும் விழும்.

சிவப்பு, நீல, பச்சைப் புள்ளிகள் தெளித்தது போல இருந்தால் சூடேறிய சென்சர். நம் ஊர் மாலைச் சூட்டில் நிமிடக்கணக்கான படங்களுக்கு இது வரும். கமராவில் உள்ள நீண்ட படத்துக்கான இரைச்சல் நீக்கியை (நொய்ஸ் ரிடக்ஷன்) போட்டால் 30 செக்கன் படத்துக்கு இன்னும் 30 செக்கன் எடுக்கும். மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டொப் இறங்கும் நேரத்தில் அதற்கு இடமில்லை. நிறுத்திவைத்து, எல்லாம் முடிந்தபின் லென்ஸ் மூடியோடு அதே நேரம், அதே ஐஎஸ்ஓவில் ஒரு கறுப்புப் படம் எடுத்து வந்து கணினியில் கழித்துவிடுங்கள்.

கைப்பேசியில் எடுத்தால் நுரை பூசணம் போல இருக்கிறது

நைட் மோட் பல படங்களை அடுக்கி ஒன்றாக்குகிறது. அசையும் தண்ணீர் அதற்குப் புரியாது. அதை நிறுத்தி, ப்ரோ முறை இருந்தால் ஐஎஸ்ஓ 50, ஷட்டர் அரைச் செக்கன், சின்ன ட்ரைபொட். ஐபோன் என்றால் லைவ் படமாக எடுத்துப் பிறகு லோங் எக்ஸ்போஷருக்கு மாற்றலாம், கை ஆடாமல் இருந்தால் இழை நன்றாகவே விழும்.

நிற்க இடம் போதவில்லை, அலை காலுக்கு வந்துவிட்டது

ஈரமான கல்லில் நிற்காதீர்கள். கல் ஈரமாக இருந்தால் அலை அங்கே வந்திருக்கிறது, திரும்பவும் வரும். பச்சைப் பாசி படர்ந்த கல் எண்ணெய் பூசியது போல வழுக்கும். கடலுக்கு முதுகு காட்டி லென்ஸ் மாற்றவேண்டாம். கற்களுக்கு இடையே விழுந்த மூடி, பில்டர், சாவி எதையும் கையை விட்டு எடுக்க முயலாதீர்கள், அடுத்த அலை அதே இடுக்கில்தான் புகும். துறைமுகப் பக்கமும் கோட்டையைச் சுற்றியும் காவலில் நிற்பவர்களிடம் கேட்டுவிட்டு ட்ரைபொட்டை விரியுங்கள்.

அடுத்த முறை ட்ரைபொட் கால் இழுபடவில்லை

உப்பும் மணலும் பூட்டுக்குள் காய்ந்து இறுகிவிட்டன. பலமாகத் திருகினால் பூட்டு உடையும். இளஞ்சூட்டு நல்ல தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவைத்து, மெல்ல முன்னும் பின்னும் அசைத்துத் திறங்கள். திருகுப் பூட்டு என்றால் முழுதாகக் கழற்றி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் துண்டுகள் எந்தப் பக்கம் பொருந்தியிருந்தன என்று ஒரு படம் எடுத்து வைத்துவிட்டு, பழைய பல்துலக்கியால் மரைகளைத் தேய்த்துக் கழுவி, உலர்த்திப் பூட்டுங்கள். ஈரத்தோடு காலைச் சுருக்கி உறைக்குள் போடுவதால்தான் இது நடக்கிறது. கரையில் இருந்து வந்த அன்றிரவே கால்களை முழுதாக நீட்டி, பைப்புக்குக் கீழே கழுவி, நீட்டியபடியே விடியும் வரை சுவரில் சாத்திவைக்கவேண்டும்.